வீட்டுக் கணிப்பொறியில் குடியேறிய நச்சு

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் – பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் கடந்துவந்த பாதையைப் புகழ்ந்து பேசுதல் மரபு. அப்பணியை எனக்கு முன் பேசிய பெரியோர் செவ்வனே செய்துவிட்டனர். எனக்குச் சங்கத்தார் இட்ட கட்டளை வேறு. வீட்டில் வைத்திருக்கும் கணிப்பொறியில் வைரஸ் எனப்படும் நச்சுநிரல் புகுந்துவிட்டால், எத்தனை முறை நீக்கினும் மீண்டும் மீண்டும் தலைகாட்டினால், என் செய்வது என்பதைப் பெற்றோருக்கும் விளங்குமாறு எடுத்துரைக்க வேண்டும் என்பதே அது.

விழா மேடைக்கு இஃது ஏற்ற பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். ஏற்ற பொருளே என்பது என் கருத்து. 1893-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழைத் தொடங்கியபோதும், 1907-ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் இங்கிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள இராயப்பேட்டையிலிருந்து தம் வார இதழை வெளியிட்டபோதும், அக்காலத்தின் தலையாய கருவியாகிய அச்சுப்பொறியை நம்மவர் தம் கைக்குக் கொண்டுவந்தனர். 1894-ஆம் ஆண்டில் அடையாற்றில் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கியபோது, எழுத்து என்னும் கருவி நம் தெருவுக்கு வந்தது. இன்று அவ்விடத்தில் நிற்பது கணிப்பொறி. 1944-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மேற்படிப்பு உதவித்தொகைக்கு ஒரு காலத்தில் தாளில் எழுதி விண்ணப்பித்தோம். இன்று சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை ஆகிய அனைத்தும் இணையவழியே நடைபெறுகின்றன. விண்ணப்பக் கெடு முடியும் வாரத்தில் வீட்டுக் கணிப்பொறி படுத்துவிட்டால், வேறு கணிப்பொறி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அஃது ஒரு நாள் தொல்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கோ ஓராண்டுப் படிப்பே கைநழுவும். ஆகவேதான் இதனைச் சிறு பொருளாக நான் கருதவில்லை.

முதற்கண், நச்சுநிரல் என்பது யாது? அது பேயுமன்று, மின்சாரக் கோளாறுமன்று. மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுப்பு. நம் பிள்ளைகள் மாலை வகுப்பில் எழுதிப் பழகும் நிரல்களைப் போன்றதே அதுவும். நோக்கம் ஒன்றே வேறு. 1986-ஆம் ஆண்டில் இலாகூர் நகரில் கணிப்பொறிக் கடை நடத்திய உடன்பிறந்தார் இருவர் எழுதிய 'பிரெயின்' என்பது, தனியாள் கணிப்பொறிகளிடையே பரவிய தொடக்கக் கால நச்சுநிரல்களுள் பெயர்பெற்றது. அக்காலத்தில் இணையம் மக்களிடம் வரவில்லை. ஃபிளாப்பித் தட்டு ஒன்றைக் கணிப்பொறியில் இட, அதிலிருந்து அடுத்த தட்டுக்கு ஒட்டிக்கொண்டு, கை மாறிக் கை மாறி அது கடல் கடந்தது. ஃபிளாப்பித் தட்டின் இடத்தை இன்று பென் டிரைவ் பிடித்திருக்கிறது. கை மாறும் வழக்கம் மட்டும் மாறவில்லை. நம் பகுதியில் இந்நோய் பரவும் வழியை இந்த ஒரு செய்தியே பெரும்பாலும் விளக்கிவிடும்.

இவற்றுள் எளிதில் நீங்குவனவும் உண்டு. பிடிவாதமாக ஒட்டிக்கொள்வனவும் உண்டு. பிடிவாதத்திற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, கணிப்பொறி விழித்தெழும்போதே அதுவும் உடன் எழுந்துவிடும். விண்டோஸ் தொடங்கும்போது தாமே ஓட வேண்டிய நிரல்களின் பட்டியல் ஒன்று உண்டு. குறித்த நேரத்தில் ஓட வேண்டிய பணிகளின் பட்டியலும் உண்டு. நச்சுநிரல் தன் பெயரை அப்பட்டியல்களில் எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு பிரதியை அழித்தால், மறைந்திருக்கும் மற்றொரு பிரதி அதனை மீண்டும் எழுதிவிடும்.

இரண்டாவது, அது காவற்காரனைக் கட்டிப்போட்டுவிடும். 2003-ஆம் ஆண்டு முதல் அறியப்பட்ட 'சாலிட்டி' என்பது ஆன்டி வைரஸ் நிரல்களை நிறுத்திவிடும். எந்நிரல் ஓடுகிறது என்று காட்டும் 'டாஸ்க் மேனேஜர்' திறவாதவாறு செய்துவிடும். 'சேஃப் மோடு' எனப்படும் பாதுகாப்பு முறையில் கணிப்பொறி தொடங்கும் வழியையும் அடைத்துவிடும். 2008 நவம்பரில் தோன்றி உலகெங்கும் இலட்சக்கணக்கான கணிப்பொறிகளைப் பற்றிய 'கான்ஃபிக்கர்', ஆன்டி வைரஸ் நிறுவனங்களின் இணையத் தளங்களுக்குச் செல்லும் வழியையே மறித்தது. மருந்துக் கடைக்குப் போகும் தெருவை மறித்து நிற்கும் நோய் என்று இதனைக் கூறலாம்.

மூன்றாவது, அது நல்ல நிரல்களின் உடலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். 2010-ஆம் ஆண்டில் காணப்பட்ட 'ராம்நிட்' இவ்வகையினது. இ.எக்ஸ்.இ. என முடியும் நிரற்கோப்புகள் ஒவ்வொன்றிலும், சேமித்து வைத்த வலைப்பக்கக் கோப்புகளிலும் அது தன் வரிகளை ஒட்டிவிடும். வங்கிக் கடவுச்சொற்களைத் திருடுவதும் அதன் தொழில். 2015 பிப்ரவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பாகிய யூரோபோல் முன்னின்று அதன் கட்டளை நிலையங்களை முடக்கியது. அக்காலை மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் முன்னணியில் நின்றது நம் இந்தியா.

நான்காவது காரணமே தலையாயது. உள்ளிருந்ததை முற்றும் நீக்கிய பிறகும், வெளியிலிருந்து அது மீண்டும் வந்துவிடுகிறது. இதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

மந்தைவெளிப் பக்கத்தில் வாழும் ஒரு குடும்பம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். நாள்பட்ட விண்டோஸ் 7 இயங்கும் ஒரு கணிப்பொறியை இரண்டாம் விற்பனையில் அக்குடும்பத்தார் வாங்கியிருந்தனர். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் ஒருநாள், சான்றிதழ்களை வைத்திருந்த கோப்புறைகள் யாவும் குறுக்குவழிக் குறிகளாக மாறிவிட்டன. திறந்தால் எதுவும் வரவில்லை. கணிப்பொறி ஆமையென ஊர்ந்தது. தந்தை அதனைச் சுமந்துகொண்டு ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் பெற்றுக்கொண்டு 'ஃபார்மட்' செய்து கொடுத்தார். மூன்றாம் நாள் அதே நோய். மீண்டும் கடை, மீண்டும் பணம். ஒரு வாரம் கழித்து மீண்டும் அதே நிலை. இதற்கிடையில் அம்மாணவி தன் பென் டிரைவைத் தோழி ஒருத்தியின் மடிக்கணிப்பொறியில் இட முயன்றபோது, "உன்னுடையதை இதில் போடாதே" என்று தடுக்கப்பட்டாள். அச்சொல்லை வீட்டில் கேட்ட அவள் தாய்க்கு வேறொரு பழைய சொல் நினைவுக்கு வந்தது. அன்று முதல் அக்குடும்பம் கணிப்பொறி கெட்ட செய்தியையே பிறரிடம் சொல்லவில்லை.

பெரியோர்களே, இங்கே சற்று நின்று ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். நம் முன்னோர்மீது தீட்டு என்னும் சொல் சுமத்தப்பட்டது. அதற்குக் காரணம் கேட்டால் விடை கிடையாது. அதனை நீக்கும் வழி கேட்டாலும் விடை கிடையாது. பிறப்பைக் காட்டி, ஒரு சாராரை மட்டும் சுட்டி, ஆய்வுக்கு இடங்கொடாமல் நின்ற பொய் அது. தொற்று என்பது வேறு. அதற்குக் காரணம் உண்டு. அது வந்த வழி உண்டு. கருவி கொண்டு ஆய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். முறையாக நீக்கினால் நீங்கும். சாதி பார்த்து அது வருவதில்லை. 2019-ஆம் ஆண்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலைப்பின்னலில் இணைந்திருந்த ஒரு கணிப்பொறியிலேயே நச்சுநிரல் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் என்னும் மைய அரசின் கணிப்பொறிக் காவல் அமைப்பு அதனைக் கண்டு தெரிவித்ததையும், உலையை இயக்கும் அமைப்பு தனித்திருந்தமையால் பாதிக்கப்படவில்லை என்பதையும், இந்திய அணுமின் கழகமே அக்டோபர் 30 அன்று வெளியிட்டது. அத்துணைப் பெரிய நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னதை நாம் சொல்ல நாணுவானேன்?

ஆய்ந்து பாராத பென் டிரைவைத் தடுப்பது அறிவுடைமை. அதனைக் கொண்டுவந்த ஆளைத் தடுப்பது கயமை. இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும் அளவுகோல் ஒன்றே: யார் கொண்டுவந்தாலும் ஒரே ஆய்வு. நம் சங்கத்தின் படிப்பகத்தில் தலைவர் கொண்டுவரும் பென் டிரைவும், நான் கொண்டுவருவதும், ஆறாம் வகுப்புச் சிறுவன் கொண்டுவருவதும் ஒரே முறையில் ஆயப்பட்ட பின்னரே கணிப்பொறியில் திறக்கப்படுகின்றன. அவ்விதி எல்லார்க்கும் பொதுவாக இருப்பதால் எவர் மனமும் புண்படுவதில்லை.

அம்மாணவியின் தந்தை ஒருநாள் மாலை தயங்கித் தயங்கி எங்களிடம் செய்தியைச் சொன்னார். விண்ணப்பக் கெடுவுக்கு அப்போது ஆறு நாள் இருந்தது. நானும் நம் மாலை வகுப்பின் இளைஞர் இருவரும் அவர் வீட்டுக்குச் சென்றோம். செய்த பணியை வரிசையாகக் கூறுகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதற்படி, தொடர்பை அறுத்தல். இணைய இணைப்பையும், கைப்பேசி வழியாகப் பகிர்ந்த இணைப்பையும் நிறுத்தினோம். அக்கணிப்பொறியில் எந்தக் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யலாகாது என்றோம். நச்சில்லாத ஒரு கைப்பேசியிலிருந்து மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை உடனே மாற்றச் செய்தோம். திருட்டு நிரல் எதையெல்லாம் அனுப்பிவிட்டது என்பதை அறிய இயலாதாகையால், பூட்டுகளை மாற்றிவிடுவதே முறை.

இரண்டாம் படி, பொருளைக் காத்தல். அவசரப்பட்டு எதனையும் அழிக்கலாகாது. விண்டோசுக்குள் நின்றுகொண்டு கோப்புகளை நகல் எடுத்தால் நச்சும் உடன் வரும். ஆதலின் வெளியில் நின்று எடுத்தல் வேண்டும். வேறொரு தூய கணிப்பொறியில், பென் டிரைவிலிருந்தே இயங்கக்கூடிய லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை ஆயத்தம் செய்து, அதனைக் கொண்டு நோயுற்ற கணிப்பொறியைத் தொடங்கினோம். விண்டோசுக்கென எழுதப்பட்ட நச்சுநிரல் லினக்ஸில் ஓடாது. வன்தட்டில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். அந்நிலையில் பார்த்தபோது, காணாமற்போனதாகக் கருதிய கோப்புறைகள் யாவும் அங்கேயே இருந்தன! நச்சுநிரல் அவற்றை மறைத்துவைத்து, அவற்றின் பெயரில் போலிக் குறுக்குவழிகளை நிறுத்தியிருந்தது. அக்குறியைச் சொடுக்குந்தோறும் நச்சே மீண்டும் ஓடியது.

நகல் எடுக்கும்போது ஒரு கட்டுப்பாடு தேவை. சான்றிதழ்ப் படங்களையும் பி.டி.எஃப். கோப்புகளையும் எடுத்தோம். இ.எக்ஸ்.இ., வி.பி.எஸ்., எல்.என்.கே. என முடிபவை எதையும் தொடவில்லை. விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு ஒன்றை அவள் வலைப்பக்கமாகச் சேமித்திருந்தாள். அதனையும் விட்டுவிட்டுப் பின்னர்ப் புதிதாக இறக்கிக்கொள்ளச் சொன்னோம். வேர்டு ஆவணங்களைத் தனியே வைத்து, ஆய்ந்த பின்னரே திறந்தோம். சான்றிதழ்கள் கைக்கு வந்ததும், சங்கத்தின் கணிப்பொறியிலேயே அம்மாணவி தன் விண்ணப்பத்தை நிறைவு செய்தாள். கெடு முடிய இரண்டு நாள் மீதமிருந்தது. கணிப்பொறியைக் குணப்படுத்தும் பணியை அதன் பிறகே தொடர்ந்தோம். முதலில் காக்க வேண்டியது பிள்ளையின் விண்ணப்பம். இயந்திரம் அதற்குப் பின்னரே.

மூன்றாம் படி, வெளியிலிருந்தே ஆய்தல். ஆன்டி வைரஸ் நிறுவனங்கள் சில, தாமே தொடங்கி இயங்கும் மீட்பு வட்டுகளை இலவசமாக வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டு முழுவதையும் ஆயச் செய்தோம். நோயின் பெயர் ராம்நிட் என்று கருவி காட்டிற்று. விண்டோஸ் 10, 11 வைத்திருப்போருக்கு இத்தகைய ஆய்வு உள்ளேயே அமைந்திருக்கிறது. டிஃபென்டர் காவல் நிரலில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தால், விண்டோஸ் முழுமையாக எழுமுன்பே அது ஆய்ந்துவிடும். மைய அரசு 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்னும் அமைப்பின் தளத்திலும் இலவச நீக்கு கருவிகள் கிடைக்கின்றன. ஒன்றை நினைவிற் கொள்க: ஒரே கணிப்பொறியில் இரண்டு ஆன்டி வைரஸ்களை நிறுவினால் ஒன்றையொன்று பகையாகக் கருதிப் பொருதும், கணிப்பொறிதான் களைத்துப்போகும்.

ஆய்வின் விடையில்தான் கடைக்காரரின் பணி தோற்ற காரணமும் வெளிப்பட்டது. அவர் ஃபார்மட் செய்தது சி டிரைவை மட்டுமே. டி டிரைவில் பாட்டுகளும் விளையாட்டுகளும் அவற்றை நிறுவும் நிரற்கோப்புகளும் அப்படியே விடப்பட்டிருந்தன. அவற்றுள் பலவற்றின் உள்ளே நச்சு ஒட்டியிருந்தது. சிறுவன் ஒருவன் விளையாட்டைத் திறந்த கணத்தில் வீடெங்கும் மீண்டும் பரவியது. முன் அறையைக் கழுவிவிட்டுப் பின் அறையைப் பூட்டி வைத்தால் வீடு தூய்மையாகுமா?

நான்காம் படி, நீக்குவதா, புதிதாக நிறுவுவதா என்று முடிவு செய்தல். தனித்து நிற்கும் சிறு நச்சாயின், நீக்கிவிட்டுத் தொடக்கப் பட்டியல், குறித்த நேரப் பணிகள், உலாவியின் கூடுதல் இணைப்புகள் ஆகியவற்றைச் சரிபார்த்தால் போதும். ராம்நிட், சாலிட்டி போன்று நிரலுக்குள் நிரலாகப் புகுந்தவையாயின், முழு வன்தட்டையும் துடைத்துப் புதிதாக நிறுவுவதே நன்று. துடைப்பதென்றால் சி, டி ஆகிய பிரிவுகள் அனைத்தையும் நீக்கிவிடுதல். நிறுவும் பென் டிரைவைத் தூய கணிப்பொறியில், உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே ஆயத்தம் செய்தல் வேண்டும். கடைகளில் திறவுகோல் உடைத்துத் தரப்படும் விண்டோஸ் பிரதியிலேயே நச்சு இருக்கக்கூடும். நோயாளிக்கு நோயையே மருந்தாக ஊட்டியது போலாகும்.

அவ்வீட்டுக் கணிப்பொறியில் இருந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14 அன்றே பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிவுற்றது. பழைய இயந்திரத்திற்குப் புதிய விண்டோஸ் ஒத்துவாராது. புதிய இயந்திரம் வாங்கப் பணமும் இல்லை. ஆதலின் அதில் லினக்ஸையே நிலையாக நிறுவினோம். செலவு ஒன்றுமில்லை. தமிழ்த் தட்டச்சு உண்டு. ஆவணம் எழுத லிப்ரே ஆபீஸ் உண்டு. விண்ணப்பங்களை நிரப்ப ஃபயர்ஃபாக்ஸ் உண்டு. இது நமக்குப் புதிதுமன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணிப்பொறிகளில் விண்டோசுடன் இடம்பெற்றிருந்தது. நம் பிள்ளைகளுள் பலர் அதனைத் திறந்து பார்த்ததில்லை என்பதே குறை.

ஐந்தாம் படி, வந்த வாயிலை அடைத்தல். இதனைச் செய்யாவிடின் முன்னைய நான்கும் வீண். அக்குடும்பத்தில் மூன்று பென் டிரைவுகள் இருந்தன. மாமன் மகனிடம் ஒன்று. அண்டை வீட்டில் இரண்டு. இவை யாவும் படி எடுக்கவும் அச்செடுக்கவும் ஒரே கடைக்குச் சென்றுவருபவை. நாள்தோறும் எத்தனையோ பென் டிரைவுகள் நுழைந்து வெளியேறும் அக்கடைக் கணிப்பொறியே ஊற்றுக்கண். கடைக்காரர்மீது பழி சொல்ல நான் வரவில்லை; அவரும் நோயாளியே. ஒரு வீட்டை மட்டும் எத்துணைத் தூய்மை செய்தாலும், தெருவில் சுற்றும் பென் டிரைவுகள் ஆயப்படாத வரை நோய் திரும்பும். அம்மைக்கு ஒரு வீட்டார் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் தெரு காக்கப்படுமா? ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அத்தெருவில் உள்ள எல்லாப் பென் டிரைவுகளையும் நினைவட்டைகளையும் படிப்பகத்திற்குக் கொண்டுவரச் சொன்னோம். லினக்ஸில் திறந்து, வேண்டிய கோப்புகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் துடைத்து, ஆய்ந்த கோப்புகளைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தோம். அச்சுக் கடைக்காரரும் தம் கணிப்பொறியைத் துடைக்க இசைந்தார். அதன் பிறகு அவ்வீட்டில் அந்நோய் திரும்பவில்லை.

இனி, விண்டோஸ் வைத்திருப்போர் நாள்தோறும் கைக்கொள்ள வேண்டியவை சில. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தால் தள்ளிப்போடலாகாது. 2017 மே 12 அன்று உலகை உலுக்கிய 'வான்னாக்ரை' என்னும் பணயநிரல், ஆந்திர மாநிலக் காவல்துறைக் கணிப்பொறிகளையும் பற்றியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு திங்கள் இடைவெளி! திருத்தத்தை ஏற்றியிருந்தோர் வீட்டுக் கதவை அது தட்டவும் இயலவில்லை.

பென் டிரைவை இட்டவுடன் தானே திறக்கும் 'ஆட்டோபிளே' வசதியை நிறுத்தி வையுங்கள். கோப்பின் இறுதி எழுத்துகளைக் காட்டுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். படம்போல் வேடமிட்டு வரும் நிரல் அப்போது பிடிபடும். பிள்ளைகள் அன்றாடம் பயன்படுத்த, நிர்வாக உரிமையில்லாத தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்துங்கள். சான்றிதழ்களின் நகலை, எப்போதும் கணிப்பொறியில் செருகியிராத தனிப் பென் டிரைவிலும், மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். அச்சுக் கடைக்குப் போகும்போது, அன்று தேவையான ஒரே பி.டி.எஃப். மட்டும் உள்ள தனிப் பென் டிரைவை எடுத்துச் செல்லுங்கள். திரும்பியதும் அதனைத் துடைத்துவிடுங்கள்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயநிரல் வந்தால், பணம் கொடுக்கலாகாது. கொடுத்தாலும் திறவுகோல் வரும் என்பதற்கு உறுதியில்லை. பூட்டிய கோப்புகளை அழிக்காமல் தனியே எடுத்து வையுங்கள். யூரோபோல், நெதர்லாந்துக் காவல்துறை முதலியோர் 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்னும் தளத்தில் பல வகைப் பூட்டுகளுக்குத் திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று இல்லாத திறவுகோல் நாளை வரக்கூடும். திரையில் திடீரெனச் சிவந்த எச்சரிக்கை தோன்றி, ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொன்னால் அழைக்காதீர்கள். உங்கள் கணிப்பொறியில் வைரஸ் இருக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தானாக உங்களுக்குத் தொலைபேசி செய்யாது. பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். காலந்தாழ்த்துந்தோறும் மீட்கும் வாய்ப்புக் குறையும்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, படிப்பகத்தில் உள்ள கணிப்பொறிகளுள் ஒன்றை, பென் டிரைவ்களை ஆய்வதற்கென்றே லினக்ஸில் ஒதுக்கி வையுங்கள். இரண்டு, ஒவ்வொரு தெருவிலிருந்தும் இளைஞர் இருவரைத் தேர்ந்து இப்பணியில் பயிற்சி கொடுங்கள். அவருள் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும். வீட்டில் தாயுடன் இருக்கும் மாணவி தயக்கமின்றிக் கூப்பிடும் ஆள் அவளே. மூன்று, சேர்க்கைக் காலம் தொடங்குமுன் ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்பணிக்கென ஒதுக்குங்கள். மூன்றிற்கும் பெரும்பணம் தேவையில்லை. சில பென் டிரைவுகளும் பொறுமையும் போதும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தது, கட்டணம் கட்டியது, மாலை வகுப்பு நடத்தியது. கணிப்பொறியை வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிந்ததென எண்ணாமல், அதனைப் பழுதுபார்க்கும் அறிவையும் நம் தெருவிலேயே நிலைநிறுத்துவதை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் முதற்பணியாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களே, கணிப்பொறி கெட்டால் மறைக்காதீர்கள். அன்றே வந்து சொல்லுங்கள்.